ரப்பருக்கு அடியில்

பழைய காடியின் முன்கண்ணாடியை மாற்றும் வேலையில் ஒரு கட்டம் உண்டு. காய்ந்து வெடித்த ரப்பரை அறுத்து, கண்ணாடியைத் தூக்கி ஓரமாகச் சாய்த்து வைத்த பிறகு, அதுவரை யாரும் பார்க்காத ஒரு தகட்டு விளிம்பு வெளியே தெரியும். சுற்றிலும் கண்ணாடியைத் தாங்கி நிற்கிற விளிம்பு. அகலம் ஒரு விரல்கூட இருக்காது. முப்பது நாற்பது வருடமாக ரப்பருக்கு அடியில் மூடிக் கிடந்த அந்த இடத்தில் பெரும்பாலும் துரு இருக்கும்.

அந்தத் துருவை என்ன செய்வது? கேட்டால் பட்டறைச் சமாச்சாரம் மாதிரி இருக்கும். எனக்கு இது ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வியாகப் படுகிறது. காரணம் எளிமையானது. புது ரப்பரைப் போட்டு மூடிவிட்டால் அந்த விளிம்பை இனி யாரும் பார்க்கப் போவதில்லை. சொந்தக்காரர் பார்க்க மாட்டார். பெயர் மாற்றத்துக்காக புஸ்பாக்கோம் சோதனைக்குக் கொண்டுபோனால் அங்கேயும் ரப்பரைக் கழற்றிப் பார்க்க மாட்டார்கள். துருவைச் சுரண்டிச் சரிசெய்தவனுக்கும், அப்படியே மூடியவனுக்கும் ஒரே கூலிதான் கிடைக்கும். வெளியில் நின்று பார்த்தால் இரண்டு வேலையும் ஒன்றுபோல் பளபளக்கும். அப்படியென்றால், யார் கண்ணிலும் படாத வேலையை ஒருவன் ஏன் சரியாகச் செய்ய வேண்டும்?

கோத்தா கோலா மூடாவில் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் அவசரம் அதிகம். மூடா ஆறு கடலில் கலக்கும் இடம் இது. மலாக்கா நீரிணையிலிருந்து வருகிற உப்புக் காற்று எந்த இரும்பையும் விட்டு வைப்பதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கெடாவில் மிக மோசமாக அடிபட்ட ஊர் என்றுதான் வெளியாட்களுக்கு இதைத் தெரியும். இங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்த கடல் இன்னொன்று. தினமும் மெதுவாக, சத்தமில்லாமல், வண்டிகளின் அடித்தகட்டையும் கதவு ஓரங்களையும் தின்கிற கடல் அது.

வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது வரும் காடிகளில் முன்கண்ணாடியை யூரித்தேன் பசையால் நேரடியாக உடம்போடு ஒட்டிவிடுகிறார்கள். அந்தக் கண்ணாடி காடியின் கட்டமைப்பில் ஓர் அங்கம். காடி உருண்டால் கூரை நசுங்காமல் இருக்கவும், பயணி பக்கத்து ஏர்பேக் சரியான பக்கம் விரியவும் அது துணை நிற்கிறது. எழுபதுகளில் நம் ஊர்களில் நிறைய ஓடிய டட்சன் 120ஒய் மாதிரி வண்டிகளில் சங்கதி வேறு. கண்ணாடியைச் சுற்றி ஒரு தடித்த ரப்பர் இருக்கும். பட்டறையில் ‘கெத்தா’ என்றால்தான் புரியும். அதைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் பள்ளம். ஒரு பள்ளத்தில் கண்ணாடி உட்காரும், இன்னொன்றில் தகட்டு விளிம்பு உட்காரும். ஆணி கிடையாது, திருகு கிடையாது. முழுக்க ரப்பரின் பிடிதான்.

போடுகிற முறை பார்க்க அழகாக இருக்கும். முதலில் ரப்பரைக் கண்ணாடியில் மாட்டுவார்கள். வெளிப்பக்கப் பள்ளத்தில் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றிலும் செருகி, இரண்டு முனையையும் கீழே நடுவில் தொங்க விடுவார்கள். சவர்க்காரத் தண்ணியைத் தாராளமாகத் தடவி, கண்ணாடியை வெளியிலிருந்து சட்டத்தில் வைப்பார்கள். ஒருவர் வெளியே நின்று உள்ளங்கையால் அழுத்த, இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பார். கயிறு உருவி வர வர, ரப்பரின் உதடு விளிம்பின் மேல் ஏறி உள்பக்கம் விழும். அவசரப்பட்டால் மூலையில் கண்ணாடி கீறிக்கொள்ளும். இரண்டு பேரும் பேசாமலே ஒருவர் கையை இன்னொருவர் புரிந்துகொண்டால்தான் நடக்கிற வேலை. பிறகு ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவிலும், ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவிலும், காயாத ஒரு பசையைச் செலுத்துவார்கள். வெயிலில் கண்ணாடி ஒரு அளவு விரியும், தகடு வேறு அளவு விரியும். பசை இறுகிப் போனால் எங்காவது பிளந்து தண்ணி புகும். அதனால் அது வருடக்கணக்கில் இளகியே இருக்க வேண்டும்.

இவ்வளவும் கண்ணுக்குத் தெரியும் வேலை. இதற்கு முன்னால், யாருக்கும் தெரியாத வேலை ஒன்று இருக்கிறது. விளிம்பை வயர் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். துருவில் உரிந்து வருவதையெல்லாம் எடுத்து, நல்ல தகடு தெரிகிறவரை போக வேண்டும். ஓட்டை விழுந்த இடத்தை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். துருவைக் கட்டுப்படுத்தும் மருந்து, பிரைமர், பிறகு சாயம். ஒவ்வொன்றும் காய நேரம் கொடுக்க வேண்டும். கண்ணாடி மாட்டுவது அரை நாள் வேலை என்றால், இது இரண்டு மூன்று நாளை இழுத்துவிடும்.

குறுக்கு வழியும் இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றவே வேண்டாம். ஒரு குழாய் சிலிக்கான் வாங்கி ரப்பரின் மேலேயே சுற்றிப் பூசிவிட்டால் அன்றைக்கு ஒழுகல் நிற்கும். ஜனவரி, பிப்ரவரியில் கெடாவில் மழை குறைவு. அப்போது பூசினால் ஏப்ரல் மழை வரும்வரை பேச்சே இருக்காது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது? மலிவாகக் கிடைக்கிற சிலிக்கான் பலவற்றில் வினிகர் வாசம் வரும். அது காயும்போது வெளியாகும் அசிட்டிக் அமிலத்தின் வாசம். ஏற்கெனவே துருப்பிடித்த இரும்புக்கு அமிலம் நல்லதல்ல. அதோடு, மேலே பூசிய சிலிக்கான் தண்ணி உள்ளே போவதை முழுசாகத் தடுக்காது, உள்ளே போன தண்ணி வெளியே வருவதைத்தான் தடுக்கும். ஈரம் கீழ் மூலைகளில் தேங்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அது ரப்பரை மேலே தள்ளும், இடைவெளி பெரிசாகும், இன்னும் தண்ணி போகும். கடைசியில் கால் வைக்கிற இடத்தில் கார்ப்பெட் நனைந்து நாறும்போதுதான் சொந்தக்காரருக்குத் தெரியவரும்.

பட்டறையில் இதற்கு ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். “ஓடுதுல்ல தம்பி? அப்புறம் என்னா?”

இந்த ‘ஓடுதுல்ல’ என்ற வாதத்தைக் கிண்டல் செய்ய எனக்கு விருப்பமில்லை. பொறியியலில் பாதி அதில்தான் நிற்கிறது. நேற்றுவரை தாங்கியது நாளைக்கும் தாங்கும் என்று நம்பாமல் யாரும் பாலத்தில் ஏற முடியாது. ஆனால் அந்த வாதம் எங்கே உடைகிறது என்பதைக் காட்ட, ஒரு முன்கண்ணாடியின் கதையே இருக்கிறது. காடியின் கண்ணாடி இல்லை, விமானத்தின் கண்ணாடி.

1990 ஜூன் 10. பிரிட்டிஷ் ஏர்வேய்ஸ் 5390 பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினில் உள்ள மலாகாவுக்குக் கிளம்பியது. ஏறத்தாழ 17,300 அடி உயரத்தில் கேப்டன் பக்கத்து முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் டிம் லங்காஸ்டர் பாதி உடம்பு வெளியே இழுக்கப்பட்டுத் தொங்கினார். பணியாளர்கள் அவர் காலைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி அலஸ்டர் அட்ச்சிசன் சவுத்ஹாம்ப்டனில் விமானத்தை இறக்கினார். கேப்டன் உட்பட எல்லாரும் பிழைத்தார்கள்.

அந்தக் கண்ணாடி 27 மணி நேரத்துக்கு முன்புதான் மாற்றப்பட்டிருந்தது. அதைப் பிடித்த 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகள், இருக்க வேண்டியதைவிட ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு மெலிதானவை. மீதி ஆறும் நீளம் குறைந்தவை. மாற்றியவர் அனுபவமுள்ள பராமரிப்பு மேலாளர். ஆள் குறைவான இரவு ஷிஃப்டில், தானே இறங்கி வேலை செய்தார். ஏமாற்றும் எண்ணம் எதுவும் அவருக்கு இல்லை. பழைய கண்ணாடியிலிருந்து கழற்றிய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதே மாதிரி வேண்டும் என்று தேடினார். எந்த அளவு சரியானது என்று ஸ்டோரில் இருந்தவர் சொல்லியும், கையில் இருந்த பழைய போல்ட்டைத்தான் அவர் நம்பினார். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பழைய போல்ட்டே தவறான அளவு. நாலு வருடம் அது தாங்கியிருந்தது. ‘ஓடுதுல்ல?’ என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. செய்த வேலையை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதி அந்த வேலைக்கு அப்போது இருக்கவில்லை. செய்தவரே பார்த்து, செய்தவரே கையெழுத்துப் போட்டார்.

மறைந்த வேலையில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன என்பதை இந்தச் சம்பவத்திலிருந்து பிரித்துப் பார்க்கலாம். ஒன்று, நல்ல மனசோடு செய்தாலும் தப்பாகிவிடும் என்பது. அதற்கு மருந்து இரண்டாவது ஜோடிக் கண். விமானத் துறை அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது. இன்னொன்று, தெரிந்தே மூடுவது. அதற்கு இரண்டாவது கண் உதவாது. பட்டறையில் அப்படிப்பட்ட கண் இல்லவும் இல்லை. நம் கேள்வி இந்த இரண்டாவதைப் பற்றியது.

பார்க்கிற ஆள் இல்லாத இடத்தில் எது மனிதனை நேர்மையாக வைத்திருக்கும்? பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலில் கிளாக்கோன் இதே கேள்வியை ஒரு மோதிரத்தின் கதையாகக் கேட்கிறான். லிடியாவில் ஒரு இடையனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. திருப்பிப் போட்டால் அவன் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டான். அவன் ராணியைக் கவர்ந்து, ராஜாவைக் கொன்று, நாட்டைப் பிடித்துக்கொள்கிறான். அப்படியொரு மோதிரம் கிடைத்தால் நல்லவன் மட்டும் வேறு மாதிரி நடப்பானா என்பது கிளாக்கோனின் கேள்வி. ராஜ்ஜியம் பிடிக்கும் அளவுக்கு இல்லாவிட்டாலும், முன்கண்ணாடி ரப்பரும் அப்படியொரு மோதிரம்தான்.

கோத்தா கோலா மூடாவில் இதற்கு ஒரு பதில் கிடைப்பதுபோல் முதலில் தோன்றும். இந்த ஊரின் மீன் சந்தை ‘பாசார் பிசிக்’, அதாவது கிசுகிசுச் சந்தை என்று பெயர் பெற்றது. படகு கரைக்கு வந்ததும் மீனைக் கொட்டுவார்கள். வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராக விற்பவரின் காதருகே குனிந்து தங்கள் விலையைச் சொல்வார்கள். ஒருவர் சொன்னது இன்னொருவருக்குக் கேட்காது. கூடுதலாகச் சொன்னவருக்கு மீன் போகும். விற்பவர் நினைத்தால் தன் கூட்டாளிக்குக் குறைந்த விலையில் கொடுத்துவிட்டு, ‘அவர்தான் அதிகம் கேட்டார்’ என்று சொல்லலாம். நிரூபிக்க ஆள் இல்லை. இருந்தும் சந்தை ஓடுகிறது.

எப்படி? நாளைக்கும் அதே ஆட்கள் அதே கரையில் நிற்கப் போகிறார்கள் என்பதால்தான் என்று நினைக்கிறேன். ஒரு நாள் ஏமாற்றலாம், ஒரு மாதம் ஏமாற்ற முடியாது. காதோடு சொன்னது ரகசியம், ஆனால் சொன்னவரும் கேட்டவரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். அந்த நேர்மைக்குப் பின்னால் உறவு இருக்கிறது, நாளைய வியாபாரமும் இருக்கிறது.

ரப்பருக்கு அடியில் இருக்கும் துருவுக்கு இந்தக் காப்பு கிடையாது. அதைப் பார்க்கப் போகிறவன் பத்து வருடம் கழித்து, வேறொரு ஊரில், வேறொரு பட்டறையில் இருப்பான். காடி அதற்குள் இரண்டு மூன்று கை மாறியிருக்கும். மூடியவன் யாரென்று அவனுக்குத் தெரியாது. மூடியவனுக்கும் அவனைத் தெரியாது. சந்தையில் வேலை செய்கிற ‘நாளைக்கு முகத்தில் முழிக்கணுமே’ என்ற பயம் இங்கே எட்டாது.

அப்படியென்றால் மிச்சம் இருப்பது மனசாட்சி மட்டும்தானா? சிலர் கடவுள் பார்க்கிறார் என்பார்கள். சிலர், தன் வேலையைத் தானே மதிக்க வேண்டும் என்பார்கள். இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டிலும் வேலை செய்கிறவன் தன்னைப் பற்றியே யோசிக்கிறான் என்று ஒரு குறை எனக்குப் படுகிறது. நான் சுத்தமாக இருக்கிறேனா, என் கணக்கு சரியா என்று. அந்த விளிம்பை மறுபடி திறக்கப்போகும் ஆள் அங்கே வருவதே இல்லை.

அந்த ஆளை நம் தோட்டத்து ஆட்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். கெடாவின் ரப்பர் தோட்டங்களில் மரம் வெட்டியவர்களிடம் கேட்டால் ‘காயம்’ என்ற வார்த்தை உடனே வரும். ரப்பர் மரத்தில் பால் ஓடும் குழாய்கள் பட்டையின் உள்பக்கத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன. உளி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் அன்றைக்குப் பால் கூடுதலாக வரும். ஆனால் பட்டைக்கும் மரக்கட்டைக்கும் நடுவில் உள்ள மெல்லிய வளர்படலத்தைத் தொட்டுவிட்டால் மரம் காயப்படும். காயம் ஆறும், ஆனால் முண்டும் முடிச்சுமாக ஆறும். வெட்டிய பக்கத்தில் புதுப்பட்டை வளர்ந்து, சில வருடங்கள் கழித்து அதே இடத்துக்கு உளி திரும்ப வரும்போது, அந்த முண்டில் கோடு ஓடாது, பாலும் சரியாக வராது. அதனால் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையை விட்டு வெட்ட வேண்டும்.

மண்டோர் வந்து பார்ப்பார், காயம் இருந்தால் ஏசுவார் என்பது உண்மைதான். ஆனால் இருட்டில் நெற்றி விளக்கோடு ஒருவர் வெட்டும் நூற்றுக்கணக்கான மரங்களில் ஒவ்வொரு கோட்டையும் மண்டோர் பார்க்க முடியாது. பாலின் அளவை வைத்துக் கூலி பேசும்போது ஆழமாக வெட்ட ஆசை இருந்துகொண்டே இருக்கும். அந்த ஆசைக்கு எதிரே நின்றது, இதே மரத்தை நாளைக்கு இன்னொரு கை வெட்டும் என்ற நினைப்பு. அந்தக் கை மகளுடையதாக இருக்கலாம், வேறு தோட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவருடையதாக இருக்கலாம். பெயர் தெரியாவிட்டாலும் அது தொழிலாளியின் கைதான். இன்று நான் கூடுதலாக எடுக்கிற பால், அவருடைய கூலியிலிருந்து எடுப்பது.

துருவும் இப்படித்தான். ஒரு பட்டறைக்காரன் துருவை மூடும்போது சொந்தக்காரரை மட்டும் ஏமாற்றுவதில்லை. அடுத்து திறக்கப்போகும் போமனின் ஒரு நாளைத் திருடுகிறான். சிலிக்கான் ஒட்டிய இடத்தில் மறுபடி எதுவும் சரியாக ஒட்டாது, சாயம்கூட நிற்காது. முழுசாகச் சுரண்டி எடுக்கவே பாதி நாள் போகும். இரண்டு மூலையில் ஓட்டையாக இருந்தது, அதற்குள் டாஷ்போர்டுக்கு அடியில் வரை போயிருக்கும். அந்த நாளுக்கு அவனுக்கு யாரும் கூலி தரப் போவதில்லை. தந்தாலும் சொந்தக்காரர் முணுமுணுத்துக்கொண்டே தருவார், “கண்ணாடி மாத்த இவ்வளவா?” என்று.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி இருக்கிறது. பழைய காடி ஓட்டுகிற எல்லாரும் அதை ஆசைக்காக வைத்திருப்பவர்கள் இல்லை. வேறு வழியில்லாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுபோக, பேக்டரி ஷிஃப்டுக்குப் போக. கையில் நூறு வெள்ளியோடு வந்து நிற்கிறவரிடம், விளிம்பை வெட்டி வெல்டிங் செய்தால்தான் வேலை செய்வேன் என்று சொல்வது நேர்மையா, திமிரா? சிலிக்கான் பூசி அனுப்புவதுதானே அவருக்குச் செய்கிற உதவி?

உதவிதான் என்று நினைக்கிறேன். அரைகுறை வேலை என்பதாலேயே ஒரு வேலை ஒழுக்கக்கேடாகிவிடாது. வசதி இல்லாத இடத்தில் பாதி வேலைதான் பல நேரம் சாத்தியம். தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. “அண்ணே, உள்ளே துரு இருக்கு. இப்போதைக்கு ஒழுகாம பண்ணித் தரேன். அடுத்த மழைக்கு மறுபடி வரலாம்” என்று சொல்லிவிட்டுப் பூசினால், அது ஏழைக்கேற்ற வேலை. எதுவும் சொல்லாமல் பூசிவிட்டு, “எல்லாம் ஓகே” என்று சாவியைக் கொடுத்தால், அதே குழாய், அதே சிலிக்கான், ஆனால் பொய். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்துக்கு ஒரு சென் செலவில்லை. ஏழைக்காகத்தான் செய்தேன் என்ற சாக்கு அந்த மௌனத்துக்குப் பொருந்தாது. சொல்லப்போனால், காசில்லாதவருக்குத்தான் உண்மை அதிகம் தேவை. எப்போது எவ்வளவு சேர்த்து வைக்க வேண்டும் என்று அவர்தான் கணக்குப் போட வேண்டும்.

இன்னொரு எதிர்க்கேள்வி இதைவிடக் கடினம். அடுத்து திறக்கப்போகும் ஆள் வராமலே போய்விட்டால்? பல பழைய காடிகள் மறுபடி பட்டறையைப் பார்க்காமலே பழைய இரும்புக்குப் போகின்றன. தோட்டங்களும் அப்படித்தான் போயின. காயமில்லாமல் பார்த்துப் பார்த்து வெட்டிய மரங்களை ஒரே மூச்சில் சாய்த்து, செம்பனை நட்டார்கள். சில இடங்களில் வீடமைப்பு வந்தது. பட்டையைக் காப்பாற்றியவர்கள் லயத்தை விட்டே வெளியேற வேண்டியிருந்தது. அந்தக் கவனமெல்லாம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

இதற்கு ஆறுதலாக ஒரு பதில் என்னிடம் இல்லை. ஒரு பகுதி வீணாகத்தான் போனது. உழைத்தவர்களின் கவனத்துக்கு நிர்வாகம் கணக்கே வைக்கவில்லை என்பது வரலாறு. ஆனால் மரம் சாயும் என்று வெட்டியவருக்கு அன்றைக்குத் தெரியாது. நமக்கும் எந்தக் காடி இரும்புக்குப் போகும், எது ஒரு இளைஞன் கையில் கிடைத்து இன்னும் இருபது வருடம் ஓடும் என்று தெரியாது. தெரியாதபோது, வருவான் என்று வைத்துக்கொண்டு செய்வதுதான் முறை என்று எனக்குத் தோன்றுகிறது. வராவிட்டால் நமக்கு நட்டம் சில மணி நேரம். வந்தும், நாம் மூடிவிட்டுப் போயிருந்தால் நட்டம் முழுக்க அவனுடையது. நம் நட்டத்தை நாம் ஒத்துக்கொள்ளலாம். அவனிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

பசையால் ஒட்டாத அந்தப் பழைய ரப்பர் முறையில் எனக்குப் பிடித்ததும் இதுதான். பாதுகாப்பில் இன்றைய கண்ணாடிதான் மேல், அதில் வாதமே இல்லை. ஆனால் கயிறு போட்டு மாட்டியதை யாரும் மறுபடி கழற்றலாம். காயாத பசை, அடுத்தவன் வரும்போதும் காயாமலே இருக்கும். அந்த வடிவத்திலேயே அடுத்தவனுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறார்கள்.

விமானத்தில் எந்தப் போல்ட்டை யார் எப்போது மாற்றினார் என்று பதிவேடு இருக்கிறது. பழைய காடிக்கு அப்படி எதுவும் இல்லை. இருப்பது ஒரு பில் மட்டும்தான். அதில் பெரும்பாலும் ‘கண்ணாடி மாற்றியது’ என்று ஒரு வரிதான் இருக்கும். அதற்குக் கீழே இன்னொரு வரி எழுத ஒரு நிமிடம் போதும். ‘இடது கீழ் மூலையில் துரு, சுரண்டி பிரைமர் அடித்தது, சின்ன ஓட்டை ஒன்று இன்னும் அடைக்கவில்லை.’ சொந்தக்காரர் அந்தப் பில்லைக் கையுறைப் பெட்டியில் போட்டு மறந்துவிடுவார். படிக்க வேண்டியவன் பிறகு ஒருநாள் கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன் அதை எடுத்துப் படிப்பான்.